மங்கரையின் சேட்டூர் வீடும் மருமக்கள்தாயமும்

பாலக்காட்டுக்கு மேற்கே பாரதப்புழையின் கரையில் உள்ள மங்கரை என்னும் சிற்றூரில் 1857 ஜூலை 11 அன்று பிறந்த சேட்டூர் சங்கரன் நாயர், ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பின் 1919இல் வைஸ்ராயின் நிர்வாக சபையிலிருந்து விலகியவராகவே பெரிதும் நினைக்கப்படுகிறார். அந்தத் துணிவின் புகழில், அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தம் சொந்தக் குடும்ப முறையை எதிர்த்து அவர் தொடங்கிய போராட்டம் மறைந்துவிட்டது.

அவருடைய தந்தை மம்மாயில் ராமுண்ணிப் பணிக்கர் ஆங்கிலேய அரசில் தாசில்தாராக இருந்தார். எனினும் மகனுக்குக் கிடைத்த வீட்டுப்பெயர் தாய் பார்வதி அம்மாவின் சேட்டூரே. மலபார் நாயர்களிடம் வழங்கிய மருமக்கள்தாயத்தில், ஒரே தாய்வழியில் வந்தோர் அனைவரும் தரவாடு எனப்படும் கூட்டுக்குடும்பமாக வாழ்ந்தனர். அதன் நிலபுலன்களை மூத்த ஆணாகிய காரணவர் நிர்வகித்தார். ஆணின் சொத்து அவன் பிள்ளைகளுக்கு அல்லாமல் தாய்வழிக்கே, அதாவது உடன்பிறந்தாளின் மக்களுக்கே சேர்ந்தது. சம்பந்தம் எனப்பட்ட கணவன் மனைவி உறவை நீதிமன்றங்கள் சட்டப்படியான திருமணமாக ஏற்கவில்லை. நாஞ்சில் நாட்டு வேளாளரிடமும் இம்முறை இருந்ததைக் கவிமணியின் மருமக்கள்வழி மான்மியத்தைப் படித்தோர் அறிவர்.

நிலமே வாழ்வாக இருந்தவரை இந்த ஏற்பாடு நிலைத்தது. தாசில்தாரின் சம்பளமும் வக்கீலின் கட்டணமும் தரவாட்டு நிலத்தில் விளைந்தவை அல்ல; தானே ஈட்டியதைத் தன் மனைவி மக்களுக்கு விட்டுச்செல்ல விரும்பியவனுக்கு மரபு தடையாக நின்றது. ஆகவே, ஆங்கிலக் கல்வி பெற்ற உத்தியோகஸ்தரும் வழக்கறிஞருமே இம்முறையை முதலில் அசைத்தனர் என்பதில் வியப்பில்லை.

மலபார் அன்று சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்ததால், கோழிக்கோட்டில் பள்ளிப்படிப்பை முடித்த சங்கரன் நாயர் சென்னையில் சட்டம் பயின்று, 1880இல் உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞரானார். 1890இல் மாகாண சட்டசபை உறுப்பினராகி, சம்பந்தத்தைப் பதிவுசெய்ய வழிகோலும் மசோதாவைக் கொண்டுவந்தார். நீதிபதி முத்துசாமி ஐயர் தலைமையில் 1891இல் அமைந்த குழுவின் விசாரணைக்குப் பின், 1896இல் மலபார் திருமணச் சட்டம் பிறந்தது. பதிவுசெய்தவர் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சுயமாக ஈட்டியதில் பாதி மனைவி மக்களுக்கு உரியது என்று அது விதித்தது. காரணவர்களின் பகைக்கு அஞ்சியோ, வழக்கத்தை விட மனமின்றியோ, பதிவுசெய்ய முன்வந்தோர் மிகச் சிலரே; சட்டம் என்ற அளவில் அது தோல்விதான். தரவாட்டைப் பாகம் பிரிக்கும் உரிமை 1933இல் நடைமுறைக்கு வந்த மருமக்கள்தாயச் சட்டத்தால்தான் கிடைத்தது. மறு ஆண்டு ஏப்ரலில் சங்கரன் நாயர் காலமானார்.

அவருடைய மனைவி பாலாட்டு குஞ்ஞிமாளு அம்மா. மருமகன்களுள் சி. மாதவன் நாயர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாகவும், கே.பி.எஸ். மேனன் சுதந்திர இந்தியாவின் முதல் வெளியுறவுச் செயலாளராகவும் விளங்கினர். மேனனின் மகனும் மகள்வழிப் பேரனும் பின்னாளில் அதே பதவியை வகித்தனர். 1961இல் கோவா படையெடுப்புக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் கே.பி. காண்டேத்தும் சங்கரன் நாயரின் பேரனே. இவர்களுள் எவரும் பழைய முறைப்படி சேட்டூர்த் தரவாட்டுக்கு உரியவர் அல்லர். அத்தகைய கூட்டுக்குடும்ப உரிமைகளையே கேரளம் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழித்தது. அது 1976 டிசம்பரில், மலபார் திருமணச் சட்டத்துக்கு 80 ஆண்டுகளுக்குப் பின், நடைமுறைக்கு வந்தது.