காற்றாடி மழையை விரட்டுமா?

கரைத்தீவு என்றதும் பலருக்கு விபுலானந்த அடிகள் பிறந்த ஊர்தான் நினைவுக்கு வரும். நான் சொல்வது புத்தளம் மாவட்டத்தின் வண்ணாத்திவில்லுப் பிரதேசத்திலுள்ள கரைத்தீவு. வானத்தையும் கடலையும் நம்பிப் பிழைக்கும் கரையோரக் கிராமம். மன்னாரில் காற்றாலைகள் வந்த பிறகு இந்தப் பக்கத் தேநீர்க்கடைகளிலும் ஒரு பேச்சைக் கேட்கிறேன்: "காற்றாடி முகிலைக் கலைக்குது, அதாலதான் மழையில்ல."

இது உண்மையல்ல. வடகீழ்ப் பருவத்தில் நமக்கு மழை தரும் முகில்கள் வங்காள விரிகுடாப் பக்கமிருந்து வருபவை. பல கிலோமீற்றர் உயரத்துக்கு எழுபவை. மன்னார் தம்பபவனியில் நிற்கும் 30 காற்றாலைகளில் ஒன்றுகூட இருநூறு மீற்றர் உயரத்தை எட்டாது. பருவம் தடுமாறுவதற்குக் காரணம் தேடுபவர்கள் சூடாகிவரும் கடலையும் வளிமண்டலத்தையும்தான் பார்க்க வேண்டும். அதைச் சூடாக்குபவற்றில் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே, கற்பிட்டிக் குடாநாட்டில் இருக்கிறது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 2011இல் இயங்கத் தொடங்கியது. 2014இல் அது 900 மெகாவாற்றாக வளர்ந்தது. நிலக்கரியில் ஓர் அலகு மின்சாரம் எடுத்தால் ஏறத்தாழ ஒரு கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறும். அந்தப் புகைபோக்கியை மழையோடு சேர்த்து எவரும் பேசி நான் கேட்டதில்லை.

அதற்காக மன்னார் மக்களின் எதிர்ப்பு முழுவதையும் வதந்தி என்று தள்ளிவிட முடியாது. வலசைப் பறவைகளின் வழி, வெள்ளநீர் வடிய வேண்டிய தாழ்நிலம், தங்களைக் கேட்காமல் எடுக்கப்பட்ட முடிவு, இவையெல்லாம் நியாயமான கேள்விகள். அதானி நிறுவனத்தின் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஜூனில் மின்சார சபைத் தலைவர் கோப் குழுவின் முன் இந்தியப் பிரதமரின் அழுத்தம் பற்றிச் சொன்னார். பிறகு அதை மீளப்பெற்றுப் பதவி விலகினார். இப்படி மூடிய கதவுக்குள் பேரம் நடந்தால் வெளியே வதந்தி வளராமல் என்ன செய்யும்? 2025 பெப்ரவரியில் அந்த நிறுவனம் விலகிக்கொண்டது. அதே ஆண்டு ஓகஸ்டில், போராட்டத்தின் பின், மன்னாரின் வேறு காற்றாலைப் பணிகளும் ஒரு மாதம் நிறுத்தி வைக்கப்பட்டன.

மழைக்கதையால் நட்டப்படுவது நாம்தான். பறவைகளையும் வடிகாலையும் பற்றிக் கேட்கப் போகும் மீனவரை, "காற்றாடி முகிலை வெட்டுதென்று சொல்பவர்" என்று அதிகாரி சிரித்து அனுப்பிவிடலாம்.

சம்பூரைப் பாருங்கள். 2006இல் போரால் துரத்தப்பட்ட மக்களின் மண்ணில் 500 மெகாவாற் நிலக்கரி ஆலை திட்டமிடப்பட்டது. காற்று, நீர், கடல், காணி என்று கேட்கவேண்டியதைக் கேட்டார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2016 செப்டெம்பரில் அரசு அங்கே ஆலையைக் கைவிடுவதாக நீதிமன்றத்தில் அறிவித்தது.

சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளிவந்தால் கருத்துச் சொல்ல பொதுமக்களுக்கு 30 நாட்கள் உண்டு. அதைத் தமிழிலும் தரச் சொல்லிக் கேளுங்கள். ஒப்பந்த விபரம் வேண்டுமென்றால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை.