காணாமல் போன மூன்றெழுத்து!

உங்கள் கடை திறந்திருக்கிறது. போர்டு தொங்குகிறது. கல்லாவில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆனால், ராத்திரியோடு ராத்திரியாகக் கடைக்கு வரும் வழியையே யாரோ மூடிவிட்டார்கள்! எப்படி இருக்கும்?

2006 பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூவுக்கு அதுதான் நடந்தது. அந்தப் பிரபல கார் கம்பெனியின் ஜெர்மன் இணையதளத்தை கூகுள் தன் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டது!

காரணம், ஒரு தில்லுமுல்லு. இணையதளங்களைப் படிக்க கூகுள் ஆள் அனுப்புவதில்லை. ஒரு புரோகிராம்தான் போய்ப் படிக்கும். அதன் கண்ணில் படுவதற்கென்றே பி.எம்.டபிள்யூ தரப்பில் தனிப் பக்கங்கள் வைத்திருந்தார்கள். அவற்றில் 'பழைய கார்' என்பதற்கான ஜெர்மன் சொல் திரும்பத் திரும்ப... சகஸ்ரநாம அர்ச்சனை மாதிரி! மனிதர்கள் உள்ளே நுழைந்தால், கண்ணிமைப்பதற்குள் வேறொரு பக்கத்துக்குக் கடத்திவிடும். கூகுள் பொறியாளர் மாட் கட்ஸ், கம்பெனியின் பெயரைச் சொல்லியே குட்டை உடைத்தார்.

தண்டனை எத்தனை காலம்? சில நாட்கள்தான்! அந்தப் பக்கங்களை நீக்கினார்கள். பி.எம்.டபிள்யூ திரும்பி வந்துவிட்டது.

அடுத்த மாதமே அமெரிக்காவில் 'கிண்டர்ஸ்டார்ட்' என்கிற சின்ன நிறுவனம் கோர்ட்டுக்குப் போனது. குழந்தை வளர்ப்பு பற்றிய தளம் அது. '2005-ல் கூகுள் எங்களைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. வருகிற கூட்டத்தில் 70 சதவிகிதம் போச்சு. ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை' என்பது புகார். 2007-ல் வழக்கு தள்ளுபடி!

இதற்கு முன்பே, 2003-ல் ஓக்லஹோமாவில் நடந்த வேறொரு வழக்கிலும் கூகுளுக்குத்தான் ஜெயம். 'யாருக்கு என்ன மார்க் என்பது கூகுளின் கருத்து. கருத்துச் சொல்ல அரசியல் சட்டமே உரிமை தந்திருக்கிறது' என்றது கோர்ட்.

யோசித்துப் பாருங்கள். 'பி.எம்.டபிள்யூ' என்று டைப் செய்து, அந்தக் கம்பெனியே வராவிட்டால் ஜனங்கள் யாரைப் பார்த்துச் சிரிப்பார்கள்? கூகுளைத்தான்! 'குழந்தை வளர்ப்பு' என்று தேடுகிறவருக்கோ, ஒரு தளம் காணாமல் போனதே தெரியாது. காலம் காலமாக வளர்த்த டிரேட்மார்க்கின் பலம் அதுதான்.

இன்னொன்றும் உண்டு. பெரிய ஆளுக்குத் தன் தப்பு என்னவென்று தெரிந்தது, திருத்திக்கொண்டார். சின்ன ஆளுக்குக் கடைசிவரை குற்றப்பத்திரிகையே கிடைக்கவில்லை. எதைத் திருத்துவது, பாவம்?