ஏக்கருக்கு ரெண்டு ரூபாய்

கொடைக்கானல் பக்கம் வில்பட்டிக்குப் போனவங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் படிப்படியா வெட்டின தோட்டம், பூண்டும் கேரட்டும். அதை ஒட்டியே பாறையும் செங்குத்துச் சரிவும். ரெண்டும் ஏக்கர்தான். ரெண்டுக்கும் ஒரே வரின்னு சட்டம் போட்டா?

கேரளாவில் நிஜமாவே போட்டாங்க. திருவிதாங்கூர்-கொச்சி நிலவரிச் சட்டம், 1955. 1957-ல் திருத்தி கேரளா முழுக்க நீட்டினாங்க. என்ன விளையுதுங்கிற கேள்வியே கிடையாது, ஏக்கருக்கு ரெண்டு ரூபாய். பாலக்காட்டுப் பக்கம் (1956 வரை நம்ம சென்னை மாகாணம்தான்) கே.டி. மூப்பில் நாயருக்கு சுமார் 25,000 ஏக்கர் காடு. அதில் வருஷ வருமானம் சுமார் 3,100 ரூபாய். வரி? 54,000 ரூபாய்க்கு மேல்! சரி, மரத்தை வெட்டி வித்துக் கட்டலாமேன்னா, 1949-ன் சென்னை தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டப்படி கலெக்டர் அனுமதி வேணும். கையையும் கட்டிட்டு காசையும் கேட்டா எப்படி?

நாயர் உச்ச நீதிமன்றம் போனார். வரி போடும் அதிகாரத்தை அடிப்படை உரிமைகள் கட்டுப்படுத்தாதுன்னு அரசு வாதாடியது. எனக்கு இந்த வழக்கில் முக்கியமாப் படுவது இந்த இடம்தான். வரிச் சட்டமும் சட்டம்தான், அதுவும் 14-ஆவது பிரிவுக்கு உட்பட்டதேன்னு தலைமை நீதிபதி பி.பி. சின்ஹா எழுதினார். சமமில்லாததைச் சமமா நடத்துவதும் பாகுபாடுதான். 1960 டிசம்பரில் நாலுக்கு ஒண்ணுன்னு சட்டம் விழுந்தது. அரசு பக்கம் நின்ற அந்த ஒருத்தர் பெயர் நீதிபதி ஏ.கே. சர்க்கார். (நான் வைத்த பெயர் இல்லை சாமி!)

அதுக்காக ஜமீன்தார்கள் எல்லாம் தப்பிச்சாச்சுன்னு நினைக்காதீங்க. சென்னை நகர்ப்புற நிலவரிச் சட்டம் 1966-ஐ எதிர்த்து பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் மில் வழக்குப் போட்டது. உயர் நீதிமன்றத்தில் மில் ஜெயித்தது. 1969-ல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டு, சட்டம் செல்லும்னு சொல்லிடுச்சு. இங்கே வரி பரப்பை வெச்சு இல்லை, சந்தை மதிப்பை வெச்சு. நிலம், கட்டிடம் மேல் வரி போடுவது மாநிலப் பட்டியலின் 49-ஆவது இனம், அதில் தகராறே இல்லை. உங்க ஊராட்சி வீட்டு வரி ரசீதுக்கும் வேர் அங்கேதான்.

மூப்பில் நாயர் பிடித்த இன்னொரு கொம்பு, சொத்து வைத்திருக்கும் அடிப்படை உரிமை, 19(1)(எஃப்). அதை 1978-ல் 44-ஆவது திருத்தம் எடுத்துவிட்டது. இன்னைக்கு அதே வழக்கைப் போடுபவருக்கு மிச்சமிருக்கும் பெரிய கொம்பு 14-ஆவது பிரிவுதான்.