நீள் ஆயுள்: மரபும் வாழ்முறையும்

ஒருவரின் ஆயுளில் மரபணுக்களுக்கு உள்ள பங்கு, பலரும் நம்புவதைவிடக் குறைவு. இதை அளக்க இரட்டையர் ஆய்வுகள் பெரிதும் உதவின. டென்மார்க்கில் 1870 முதல் 1900 வரை பிறந்த 2,872 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து 1996இல் வெளியான கட்டுரை, மக்களிடையே காணப்படும் ஆயுள் வேறுபாட்டில் மரபின் பங்கை ஆண்களில் 26 விழுக்காடாகவும் பெண்களில் 23 விழுக்காடாகவும் கணித்தது. 2018இல் கோடிக்கணக்கானோரின் வம்சாவளிகளை அலசிய அமெரிக்க ஆய்வு அதை 10 விழுக்காட்டுக்கும் கீழே இறக்கியது. இரத்த உறவே இல்லாத சம்பந்த வழி உறவினரின் ஆயுளும் ஒத்துப்போவதை அது கண்டது. ஒத்த வசதியும் பழக்கமும் உள்ள குடும்பங்கள் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதால், பழக்கத்தின் விளைவும் மரபின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

இந்தப் பங்கு எல்லா வயதிலும் ஒன்றல்ல. 60 வயதுவரை மிகச் சிறிது. பிறகு கூடிக்கொண்டே போகும். நூறு வயதைக் கடந்தோரின் உடன்பிறந்தோரும் நெடுநாள் வாழ்வது அதனால்தான். ஃபாக்ஸோ3 மரபணுவின் ஒரு வடிவம் நீள் ஆயுளோடு தொடர்புடையது என்பது, ஹவாயில் வாழும் ஜப்பானிய வம்சாவளி ஆண்களிடம் 2008இல் கண்டறியப்பட்டது. ஏபிஓஇ மரபணுவின் நான்காம் வகையோ இதயநோய்க்கும் அல்சைமர் நோய்க்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. நூறு வயதினரிடம் அது அரிது.

வாழ்முறையின் வலிமைக்கு ஜப்பானின் ஒக்கினாவாத் தீவுகளே மிகத் தெளிவான சான்று. அங்கு நூறு வயதினரைப் பற்றிய ஆய்வு 1975இல் தொடங்கியது. அந்த முதியோரின் இளமைக்கால உணவில் சர்க்கரைவள்ளிக் கிழங்கே முதன்மை. 1949இல் தீவினர் பெற்ற கலோரியில் ஏறத்தாழ 69 விழுக்காடு அதிலிருந்தே வந்தது. பாகற்காய், சோயாக் கட்டி, கீரை, கடற்பாசி ஆகியவை உடன் இருந்தன. வயிறு முக்கால் பங்குக்குச் சற்று மேல் நிரம்பியதும் கை கழுவுவது வழக்கம். நம் சீட்டுக் குழுக்களைப் போல மாதந்தோறும் கூடிப் பணம் போடும் ‘மோஆய்’ குழுக்கள், முதுமையிலும் எவரையும் தனித்து விடவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1972 வரை நீடித்த அமெரிக்க ஆட்சியோடு டப்பா இறைச்சியும் பர்கரும் காரும் வந்தன. 1985இல் ஆண்களின் ஆயுள் எதிர்பார்ப்பில் ஜப்பானின் 47 மாநிலங்களில் முதலிடத்தில் இருந்த ஒக்கினாவா, 2000இல் 26ஆம் இடத்துக்குச் சரிந்தது. 2020இல் 43ஆம் இடம். ஒரு தலைமுறைக்குள் மரபணுக்கள் மாறுவதில்லை. 1945 போரில் பல குடும்பப் பதிவேடுகள் எரிந்ததால் மிக மூத்தோரின் வயதுக் கணக்கை ஐயுறுவோர் உண்டு. பிற்காலச் சரிவை அந்த ஐயம் தொடவில்லை.

பழக்கத்தை மாற்றினால் கிடைக்கும் பலனைப் புகையிலை பற்றிய ஆய்வுகள் துல்லியமாக அளந்திருக்கின்றன. பிரிட்டனின் ஆண் மருத்துவர்களை 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்த ரிச்சர்ட் டாலின் ஆய்வில், இறுதிவரை புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டுகளை இழந்தனர். 60 வயதில் நிறுத்தியவர்கள் மூன்று ஆண்டுகளையும், 50இல் நிறுத்தியவர்கள் ஆறு ஆண்டுகளையும், 30இல் நிறுத்தியவர்கள் ஏறக்குறைய பத்து ஆண்டுகளையும் மீட்டுக்கொண்டனர்.