காருக்குப் பின்னால் ஒரு கடை

சின்ன வியாபாரம் செய்பவருக்கு எந்தக் காலத்திலும் தீராத தலைவலி ஒன்று உண்டு. சரக்கை எதில் ஏற்றிக்கொண்டு வருவது? பெரிய முதலாளி லாரி வாங்கிவிடுவார். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வாங்கி விற்கிற ஆசாமி லாரி வாங்கினால், மீதி ஐந்து நாளும் அது வாசலில் சும்மா நிற்கும். வண்டி நின்றாலும் தேய்மானம் நிற்காது என்பது பி.காம் முதலாண்டுப் பாடம்! இந்தத் தலைவலிக்கு அமெரிக்காவில் கிடைத்த மருந்து, ஒரு படகில் ஆரம்பித்தது.

1914-ம் ஆண்டு. டெட்ராய்ட் நகரில் ஃபிரடெரிக் சிப்லி என்ற மர வியாபாரி, தன் படகைக் கோடை வாசஸ்தலத்துக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டார். கையில் இருந்ததோ ஃபோர்டு மாடல் டி கார். காருக்குள் படகை எப்படி ஏற்றுவது? ஆகஸ்ட் ஃப்ருஹாஃப் என்ற கொல்லரிடம் போனார். குதிரை வண்டிகள் செய்து கொடுப்பவர் அவர். படகைத் தாங்க ஒரு இரு சக்கர வண்டியைச் செய்து, காரின் பின்னால் மாட்டிக் கொடுத்தார்.

இதில் பெரிய விஞ்ஞானம் எதுவும் இல்லை. காளையின் முதுகில் எத்தனை மூட்டை ஏற்ற முடியும்? அதே காளையை வண்டியில் பூட்டினால் எத்தனை மூட்டை இழுக்கும்? நம்மூர் சந்தைக்குப் போகிற யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஃப்ருஹாஃப் காளை இருந்த இடத்தில் காரை வைத்தார், அவ்வளவுதான். படகு பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததும் சிப்லிக்கு வியாபாரி மூளை வேலை செய்தது. தன் கிடங்கில் மரம் இழுக்கவும் இதேபோல் வண்டிகள் கேட்டார். 1918-ல் ஃப்ருஹாஃப் தனி டிரெய்லர் கம்பெனியே தொடங்கிவிட்டார்.

இழுக்கிற வண்டி மலிவாக இருந்தது இதற்குப் பெரிய காரணம். 1908-ல் மாடல் டி வந்தபோது விலை 850 டாலர். 1913-ல் நகரும் அசெம்பிளி லைன் வந்த பிறகு விலை இறங்கிக்கொண்டே போய், 1925-ல் இரண்டு பேர் உட்காரும் ரன்அபவுட் 260 டாலருக்குக் கிடைத்தது. பழைய வண்டி என்றால் இன்னும் மலிவு. ஒரு டன் ஏற்றும் மாடல் டிடி லாரியை 1917-ல் ஃபோர்டு கொண்டுவந்தபோது, பாடி இல்லாத வெறும் சேஸிஸ் மட்டுமே 600 டாலர்!

ஆனால் மலிவுக்கும் ஒரு விலை இருந்தது. மாடல் டியின் இன்ஜின் வெறும் 20 குதிரைசக்திதான். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், மெதுவாகப் போனால் போயிற்று. பிரேக்தான் பயங்கரம். கால் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது, கியர் பெட்டிக்குள் இருக்கும் ஒரு பட்டையைத்தான் பிடிக்கும். அந்தப் பட்டை தேய்ந்துபோனால், ரிவர்ஸ் பெடலை மிதித்து வேகத்தைக் குறைத்தவர்களும் உண்டு. பின்னால் பாரம் தள்ள, மலைச் சரிவில் இறங்குகிறவரின் நிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விலையை மட்டும் பார்த்து வாங்கியவருக்கு, எவ்வளவு இழுக்கும் என்பதைவிட எப்படி நிற்கும் என்பதுதான் முக்கியம் என்று அங்கேதான் புரிந்திருக்கும்.

1925-ல் ஃபோர்டே ஒரு நடுவழி கண்டுபிடித்தது. ரன்அபவுட்டின் பின்னால் தகரப் பெட்டி வைத்த பிக்கப், 281 டாலர். கொஞ்சம் சரக்கு போதும் என்பவருக்கு டிரெய்லரே தேவைப்படவில்லை.

வண்டி மலிவாகிவிட்டது, சரி. ஆனால் டிரெய்லரும் சொந்தமாக வாங்க வேண்டுமா? அதுவும்தானே மீதி நாளெல்லாம் சும்மா நிற்கும்! 1945-ல் வாஷிங்டன் மாநிலத்தின் ரிட்ஜ்ஃபீல்டில் லெனார்ட் ஷோயனும் அவர் மனைவி அன்னா மேரியும் 5,000 டாலர் முதலோடு யு-ஹால் தொடங்கியது இந்த இடத்தில்தான். குடும்பக் கார் எதுவோ அதுவே இழுக்கட்டும், டிரெய்லரை மட்டும் வாடகைக்குத் தருகிறோம் என்றார்கள். ஊர் ஊராகக் கிளை திறக்க ஷோயனிடம் பணம் ஏது? பெட்ரோல் பங்க்காரர்களை ஏஜென்டாகப் பிடித்தார். பங்க் ஓரத்தில் டிரெய்லர் நிற்கும், வாடகையில் அவர்களுக்குக் கமிஷன். புது ஊருக்கு டிரெய்லர் எடுத்துப் போகிற வாடிக்கையாளரிடமே, அங்கே ஒரு பங்க்காரரைப் பேசி ஏஜென்டாக்கிவிட்டால் வாடகையில் தள்ளுபடி என்று சொல்லி அனுப்பினாராம் மனிதர்.