முதல் பட்டதாரி

கள்ளக்குறிச்சியில் மே மாதக் கடைசியில் ஒரு நாள். காலை பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அரசாங்க அலுவலகம் ஒன்றின் வாசலில், வேப்பமரத்து நிழலில் நின்றுகொண்டிருந்தேன். நான் போன காரியம் வேறு. அது இந்தக் கதைக்கு வேண்டாம். என் பக்கத்தில் ஒரு பெரியவர் மஞ்சள் பை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு குந்தியிருந்தார். அவர் அருகில் அரும்பு மீசையோடு ஒரு பையன். கல்வராயன் மலையிலிருந்து விடியற்காலையில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம் வழியாக வந்து இறங்கியிருக்கிறார்கள்.

"என்ன விசேஷம்?" என்று பேச்சுக் கொடுத்தேன்.

"பையன் பன்னெண்டாவது பாஸ் பண்ணிட்டானுங்க ஐயா. இஞ்சினீரிங் சேர்க்கணும். அதுக்கு ஒரு சர்ட்டிபிகேட்டு வாங்கணுமாம்."

"என்ன சர்ட்டிபிகேட்?"

"எங்க குடும்பத்துல இதுவரைக்கும் ஒருத்தரும் பட்டம் வாங்கலைன்னு எழுதித் தரணுமாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். "அது மலைக்கே தெரியுமுங்க. ஆனா காயிதத்துல எழுதினாத்தான் செல்லுமாம்!"

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அடுத்தாற்போல் அவர் கேட்ட கேள்விக்குச் சிரிக்க முடியவில்லை. பையன் தண்ணீர் குடிக்க எழுந்து போனதும், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "படிச்சவங்க திரும்பி வருவாங்களாங்க?" என்று கேட்டார்.

அவருக்கு அப்போது உருப்படியாக ஒன்றும் பதில் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அந்த நினைப்பின் விளைவுதான் இந்தக் கட்டுரை.

அவர் கேட்டு வந்த காகிதத்துக்கு 'முதல் பட்டதாரி சான்றிதழ்' என்று பெயர். ஒரு குடும்பத்தில் முதன்முதலாகத் தொழிற்கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை தருவது என்று 2010-ம் வருஷம் தமிழக அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. தாத்தா பாட்டி, தாய் தகப்பன், உடன்பிறந்தார் எவரும் பட்டம் பெறவில்லை என்று வருவாய்த் துறையார் சான்று தர வேண்டும். மற்ற சான்றிதழ்களெல்லாம் நம்மிடம் இருப்பதைச் சொல்லும். இது ஒன்றுதான் இல்லாததைச் சொல்கிறது!

சரி, குடும்பத்துக்கு முதல் பட்டதாரி இருக்கட்டும். சென்னை ராஜதானிக்கே முதல் பட்டதாரி யார்? அவர்கள் பட்டம் வாங்கிய பிறகு, பத்து வருஷம், இருபது வருஷம், முப்பது வருஷம் கழித்து என்ன ஆனார்கள்?

வடக்கே சிப்பாய்களின் புரட்சி நடந்த அதே 1857-ம் வருஷத்தில், இந்தியாவில் மூன்று பல்கலைக் கழகங்கள் பிறந்தன. ஜனவரியில் கல்கத்தா, ஜூலையில் பம்பாய், செப்டம்பர் 5-ம் தேதி சென்னை. சென்னையின் முதல் பி.ஏ. பரீட்சையில் தேறியவர்கள் இரண்டே பேர். பட்டம் பெற்ற வருஷத்தை 1857 என்பாரும் உண்டு, 1858 என்பாரும் உண்டு. அந்த இருவருக்கும் மேற்படி சான்றிதழ் சிரமமில்லாமல் கிடைத்திருக்கும். அன்று இந்த ராஜதானி முழுவதும் சலித்தாலும் எந்தக் குடும்பத்திலும் ஒரு பி.ஏ. அகப்பட்டிருக்க மாட்டாரே!

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஒருவர் கரோல் விசுவநாத பிள்ளை, மற்றவர் சி. வை. தாமோதரம் பிள்ளை. அமெரிக்க மிஷனரிமார் 1823-ல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்கள் இருவரும். சென்னையில் பல்கலைக் கழகம் தோன்றுவதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1855-ல், அந்த செமினரி மூடப்பட்டுவிட்டது. பழைய மாணவர்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

கல்கத்தாவிலும் முதலில் தேறியவர்கள் இருவர்தான். அவர்களுக்கு ஒரு பாடத்தில் மார்க் போதாமல், கருணை மார்க் கொடுத்துத்தான் 1858-ல் பட்டம் தந்தார்கள். அந்த இருவரில் ஒருவர் பங்கிம் சந்திர சட்டர்ஜி. உடனே டிப்டி மாஜிஸ்டிரேட் உத்தியோகம் கிடைத்தது. முப்பத்து மூன்று வருஷம் அதே சர்க்கார் குதிரையில் ஏறி இறங்கி 1891-ல் ஓய்வு பெற்றார். இடையில் ராத்திரி வேளைகளில் நாவல் எழுதினார். 1882-ல் வந்த 'ஆனந்த மட'த்தில் இருந்த ஒரு பாட்டு, பிற்காலத்தில் தேசம் முழுவதும் 'வந்தே மாதரம்' என்று முழங்கியது. கருணை மார்க் போட்ட புண்ணியவான் நாட்டுக்குப் பெரிய உபகாரம் செய்தார்!

பம்பாயில் 1862-ல் நால்வர் தேறினார்கள். அவர்களில் மகாதேவ கோவிந்த ரானடே ஹைகோர்ட் ஜட்ஜ் ஆனார். சமூக சீர்திருத்தத்துக்காகப் பாடுபட்டார். ராமகிருஷ்ண கோபால பண்டார்கர் சம்ஸ்கிருத ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றார்.

இனி நம்முடைய இருவருக்கு வருவோம். விசுவநாத பிள்ளை பரீட்சைக்கு உட்கார்ந்தபோது முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர். கணிதத்தில் புலி. தமிழில் 'வீசகணிதம்' என்று அல்ஜீப்ராவுக்கு 1855-லேயே புத்தகம் எழுதியவர். கிறிஸ்தவராக இருந்து, ஆறுமுக நாவலருக்கு எதிராகக் கண்டனம் எழுதி வாதிட்டவர். பிற்காலத்தில் மனம் மாறிச் சைவத்துக்கே திரும்பினார். சிவனைப் பழித்த நாக்குக்குப் பிராயச்சித்தமாகச் சிதம்பரத்தில் பொன்னூசியைக் காய்ச்சிச் சுட்டுக்கொண்டார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வளவு தூரம் உண்மையோ, அந்தத் தலைமுறை பட்டத்துக்காக உள்ளுக்குள் கொடுத்த விலை என்ன என்பதற்கு அது அடையாளம். இங்கிலீஷ் படிப்பின் வாசல் அன்று பெரும்பாலும் பாதிரிமாரின் வாசலாக இருந்தது. உள்ளே போனவன் எந்த மனிதனாகத் திரும்பி வருவான் என்பது வீட்டாருக்கெல்லாம் பெருங்கவலை.

தாமோதரம் பிள்ளை 1832-ல் சிறுப்பிட்டியில் பிறந்தவர். பர்சிவல் பாதிரியார் அழைத்ததன் பேரில் சென்னைக்கு வந்து 'தினவர்த்தமானி' பத்திரிகையை நடத்தினார். பட்டம் வாங்கியபோது வயது இருபத்தைந்து. பிறகு கோழிக்கோட்டில் பள்ளி ஆசிரியர்; அதன் பிறகு சென்னையில் சர்க்கார் வரவு செலவுக் கணக்கு இலாகா. 1871-ல் பி.எல். தேறினார். 1882-ல் ஓய்வு. பின்னர் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் சில வருஷம் நீதிபதி. 1895-ல் ராவ் பகதூர் பட்டம். 1901 ஜனவரி முதல் தேதி சென்னையில் காலமானார். அதே மாதம் பதினாறாம் தேதி பம்பாய்ப் பட்டதாரி ரானடேயும் கண்ணை மூடினார்.

பழைய மாணவர் சங்கத்தார் புத்தகம் அச்சிட்டால் இவ்வளவுதான் போடுவார்கள். இன்ன உத்தியோகம், இன்ன சம்பளம், இன்ன பட்டம், இத்தனை பிள்ளைகள். ஆனால் தாமோதரம் பிள்ளையைத் தமிழர்கள் நினைப்பது கணக்கு இலாகாவுக்காகவா?

பகலெல்லாம் ரூபாய் அணா பைசா பார்த்த அந்தக் கண்கள், மற்ற நேரமெல்லாம் செல்லரித்த ஓலையைப் பார்த்தன. 1868-ல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு அச்சிட்டார். 1881-ல் வீரசோழியம். 1885-ல் நச்சினார்க்கினியர் உரையோடு பொருளதிகாரம். 1887-ல் கலித்தொகை, எட்டுத்தொகையில் முதன்முதல் அச்சு வாகனம் ஏறியது அதுதான். 1889-ல் சூளாமணியும் இலக்கண விளக்கமும். பிறகு, அறுபதை ஒட்டிய வயதில், எழுத்ததிகாரம். ஊர் ஊராய் ஆள் அனுப்பி, கடிதம் எழுதி, ஏட்டுக்காக மடாதிபதிகளிடமும் வித்துவான்களிடமும் கையேந்தி நின்று, கைப்பணத்தைப் போட்டுச் செய்த வேலை இது. எந்தப் பரீட்சையிலும் இதற்கு ஒரு கேள்வி கிடையாது. எந்தப் பட்டத்துக்கும் இது பாடமல்ல.

ஓய்வு பெற்றுக் கும்பகோணத்தில் இருந்தபோது, அங்கே காலேஜில் தமிழ்ப் பண்டிதராக இருந்த உ. வே. சாமிநாதையரிடம் போய், அவர் ஆராய்ந்துகொண்டிருந்த சீவக சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்கத் தரும்படி கேட்டார். ஐயர் தரவில்லை. அவரே 1887-ல் சிந்தாமணியை வெளியிட்டார். ஒரே வருஷத்தில் இருவரும் இரண்டு பொக்கிஷங்களைத் தமிழர் கையில் கொடுத்தார்கள். இருவரில் ஒருவர் சென்னையின் முதல் பி.ஏ. மற்றவர் எந்தக் காலேஜிலும் படித்துப் பரீட்சை எழுதாதவர்; 1932-ல் சென்னைப் பல்கலைக் கழகமே அவரைத் தேடி வந்து டாக்டர் பட்டம் கொடுத்தது. பட்டம் உள்ளவரும் இல்லாதவரும் ஒரே வேலையில் இறங்கினார்கள். ஓலைக்கு இருவருடைய கையும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும்.

வீட்டுக் கதை இன்னும் விசித்திரம். தாமோதரம் பிள்ளை கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து சைவத்துக்கு வந்தவர். அவர் மகன் அழகசுந்தரம் கிறிஸ்தவராகி, பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்று பெயர் வைத்துக்கொண்டார். அந்தக் கிங்ஸ்பரிதான் பின்னாளில் இன்னொருவரோடு சேர்ந்து சைவ நாயன்மார்களின் பாடல்களை இங்கிலீஷில் பெயர்த்து 1921-ல் வெளியிட்டார். மதம் வாசலால் போனாலும் தமிழ் ஜன்னலால் வந்துவிட்டது!

பெரியவருடைய கேள்வி இங்கே மறுபடியும் தலை நீட்டுகிறது. தாமோதரம் பிள்ளை ஊருக்குத் திரும்பினாரா? குடியிருக்கத் திரும்பவில்லை. வேலையும் வாழ்வும் சாவும் கடலுக்கு இந்தப் பக்கத்தில்தான். ஆனால் யாழ்ப்பாணத்து ஏழாலையில் ஒரு பள்ளிக்கூடம் ஏற்படுத்தினார். திரும்பி வருவது என்பதற்கு இப்படியும் ஒரு வழி உண்டு.

இன்னொரு முதல் பட்டதாரியையும் பார்ப்போம். முத்துலட்சுமி ரெட்டி 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறினார். அதற்குப் பதினைந்து வருஷம் கழித்துச் சட்டசபையில் உட்கார்ந்து தேவதாசி முறையை ஒழிக்க வாதாடினார். நாற்பத்திரண்டு வருஷம் கழித்து, 1954-ல், அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. அவருடைய தங்கை அந்த நோயால் மாண்டவர். பட்டம் வாங்கிய அன்று அவர் வாழ்க்கைக் குறிப்பை எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்? 'கெட்டிக்கார லேடி டாக்டர்' என்று ஒரு வரி.

இவ்வளவும் சமவெளியில் நடந்துகொண்டிருந்த காலத்தில், கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நீலமாய்த் தெரியும் அந்த மலையில் என்ன நடந்தது?

கல்வராயன் மலையில் வாழ்கிறவர்களை மலையாளிகள் என்பார்கள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று அவர்களுடைய பழங்கதை சொல்லும். பேசுவது தமிழ். பெயரில்தான் மலையை ஆண்டார்கள். உண்மையில் ஆண்டவர்கள் ஜாகீர்தார்கள். சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகீர்கள். வரி வாங்கியவர்களும் வழக்குத் தீர்த்தவர்களும் அவர்களே. வெள்ளைக்காரன் போனான், ஜமீன்கள் ஒழிந்தன, மலையில் மட்டும் ஜாகீர் நீடித்தது. அது முடிந்து அரசாங்கத்தின் நேர் நிர்வாகம் வந்தது 1976-ல்! சென்னையில் பல்கலைக் கழகம் தோன்றி அதற்குள் நூற்றுப் பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது.

வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்த பெரியவர், ஜாகீர் போன காலத்தில் பால்ய வயதில் இருந்திருப்பார். 'எங்கள் குடும்பத்தில் பட்டதாரி இல்லை' என்று அவர் எழுதிக் கொடுத்தால், அதில் அந்தக் குடும்பத்தின் குறை மட்டுமா இருக்கிறது? ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பாதை மலையடிவாரத்தோடு நின்றுபோன கதையும் இருக்கிறது.

2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2022-ல் மருத்துவக் கல்லூரியும் வந்தது. 2024 ஜூனில் அதே ஊரில் விஷச் சாராயம் அறுபதுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. அடுத்த மாதம் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. அந்த நீதிமன்றத்தில் முதல் இந்திய நீதிபதியாக அமர்ந்தவர் முத்துசாமி ஐயர். சிறு வயதில் கிராமக் கணக்கருக்கு உதவியாக மாதம் ஒரு ரூபாய்க்கு வேலை பார்த்தவர். மனு எழுதத் தெரியாத மக்களுக்காக நீதிமன்றம் தானே மனுதாரராகிறது என்றால், மனு எழுதத் தெரிந்தவர்கள் அந்த மலையிலேயே பிறந்து படித்து வர வேண்டிய அவசியம் எவ்வளவு என்று சொல்லவும் வேண்டுமோ?

அன்று பையன் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். "படிச்சு முடிச்சு என்ன செய்யப் போறே தம்பி?" என்று கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டு, "தெரியலீங்க சார்" என்றான். தகப்பனாருக்கு முகம் சற்று வாடியது. எனக்கு மட்டும் அந்தப் பதில் பிடித்திருந்தது. இருபத்தைந்து வயதில் பட்டத்தோடு நின்ற தாமோதரம் பிள்ளையைக் கேட்டிருந்தாலும், முப்பது வருஷம் கழித்துக் கலித்தொகையை அச்சிடப் போகிறேன் என்றா சொல்லியிருப்பார்?

உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள். பெரியவர் பரபரப்பாக எழுந்து, வாசற்படியில் செருப்பைக் கழற்றப் போனார்.

"போட்டுக்கிட்டே வாங்கப்பா" என்றான் பையன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, செருப்போடு உள்ளே போனார்.