பூனையின் காதோரத்து இரத்தத்துளி: வீட்டு அளவீட்டின் வரலாறு குறித்து

இன்சுலினின் வரலாறு நாய்களின் உடலில் எழுதப்பட்டது. 1889இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மின்கோவ்ஸ்கியும் ஃபான் மேரிங்கும் நாயின் கணையத்தை அகற்றியபோது அதற்கு நீரிழிவு உண்டாயிற்று. 1921இல் டொரன்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் கணையச் சாற்றைச் செலுத்தி நாயின் இரத்தச் சர்க்கரையைக் குறைத்துக் காட்டினர். விலங்கிடம் கற்றது மனிதரைக் காத்தது. மனிதருக்கென உருவான அளவைக் கருவி பின்னர் விலங்கிடம் சென்ற கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அக்கருவி மனிதரின் வீட்டுக்குள் நுழைந்ததே போராடித்தான். ஏம்ஸ் நிறுவனத்தின் இரத்தச் சர்க்கரைமானி 1970 வாக்கில் வெளிவந்தபோது மருத்துவர்களுக்கு மட்டுமே விற்கப்பட்டது. நீரிழிவு நோயாளியான பொறியாளர் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன், மருத்துவரான தம் மனைவியின் பெயரில் அதை வாங்கித் தம்மைத் தாமே அளந்துகொண்டார். அவருடைய கட்டுரையை ஆய்விதழ்கள் ஏற்கவில்லை. நாற்பது வயதைக் கடந்தபின் அவர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அளக்கும் உரிமை யாருக்கு என்பதே அன்றைய வினா.

பூனையைப் பொறுத்தவரை வினாவே வேறு: எங்கே அளப்பது? கூடையில் அடைத்து, நாய்கள் குரைக்கும் கூடத்தில் காத்திருக்கவைத்து, பிடித்தமுக்கிக் குருதி எடுத்தால், அச்சத்தாலேயே பூனையின் சர்க்கரை ஏறிவிடும். நோயற்ற பூனையிலும் அது நிகழும். அந்த எண்ணை நம்பி இன்சுலினை உயர்த்தினால், வீடு திரும்பிய பூனை தாழ்சர்க்கரையால் வலிப்புற்று இறக்கவும் கூடும். தக்க சிகிச்சையில் சில பூனைகளுக்கு இன்சுலின் தேவையே மறைந்துவிடுவதால் இவ்வபாயம் மேலும் கூடுகிறது. ஆகவே இங்கு வீட்டு அளவீடு வசதிக்காக ஏற்பட்ட மாற்று அன்று; உண்மைக்கு நெருங்கிய அளவீடே அதுதான் என்பது என் துணிபு.

இதற்கு வழி திறந்தவர்களுள் சூரிக் பல்கலைக்கழகத்தின் கிளாவ்டியா ராய்ஷ் குழுவினர் முதன்மையானவர்கள். காது மடலை வெதுவெதுப்பாக்கி, ஊசியால் குத்தி, ஒரு துளியை எடுக்கும் முறையை 2000ஆம் ஆண்டையொட்டி அவர்கள் ஆராய்ந்து, வளர்ப்போருக்கும் பயிற்றுவித்தனர். இரண்டு மணிக்கொருமுறை பன்னிரண்டு மணிநேரம் அளந்து வரையும் 'சர்க்கரை வளைகோடு' இவ்வாறு சமையலறை மேசைக்கு வந்தது. (நம் 'நீரிழிவு' என்னும் சொல் சர்க்கரையைச் சுட்டாமல் நீரைச் சுட்டுகிறது. பூனை வளர்ப்போர் முதலில் காண்பதும் விரைவில் வற்றும் தண்ணீர்க் கிண்ணத்தைத்தான்.)

மனிதக் கருவி அப்படியே பொருந்தவும் இல்லை. பூனையின் இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ முழுவதும் பிளாஸ்மாவிலேயே தங்குகிறது. சிவப்பணுக்களில் மிகக் குறைவு. மனிதரில் இப்பங்கீடு வேறு. எனவே மனிதருக்கான மானி பூனையிடம் பெரும்பாலும் குறைத்தே காட்டும். விலங்குகளுக்கெனத் தனி மானிகள் பிறந்தமைக்கு இதுவே காரணம்.

மனிதரின் புயத்தில் ஒட்டுவதற்காக 2014இல் ஐரோப்பாவில் அறிமுகமான உணரியும் இப்போது பூனையின் முதுகுப்புறத்தில், மயிர் மழித்த இடத்தில் ஒட்டப்படுகிறது. அது பதினான்கு நாள் உழைக்கும் என்பது மனிதருக்கான கணக்கு. பல பூனைகள் அதற்கு முன்பே அதை உதறிவிடுகின்றன.